ஏரி பார்த்த பால்கனி

அன்பு மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் தங்கையும் நலம், நான் முக்கால் நலம். மீதிக் கால் பங்கு என் வலது மணிக்கட்டில் இருக்கிறது. ஓட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு அது வீங்கிவிட்டது, டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். இது வீக்கமே இல்லை, வாடகை கட்டிக் கட்டி வாடிய கை.) இப்படித்தான் நடுவில் எதையாவது நுழைப்பாள், நீ கண்டுகொள்ளாதே.

வீட்டைக் காலி செய்யப் போகிறோம். நீங்கள் ரெண்டு பேரும் கால்குலேட்டர் என்று பேர் வைத்தீர்களே, கீழ்வீட்டில் இருக்கும் நம் ஓனர், ஆறு வருஷமாக வாடகையை ஏற்றுவதைப் பற்றி வாயே திறக்காத மனுஷன், போன மாதம் மாடிப்படியில் அப்பாவை நிறுத்தி, ஊர் நிலவரம் எனக்கு இப்பதான் சார் தெரியுது என்று சொல்லி ஒன்றரை மடங்கு கேட்டுவிட்டார். முடியாது என்றால் ஒன்றாம் தேதி சாவியைக் கொடுக்க வேண்டுமாம். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை, ஊரே அப்படித்தான் இருக்கிறது. ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தாலும் வந்தன, போன வருஷம் ரெண்டு படுக்கையறைக்குக் கேட்டதை இப்போது ஒன்றுக்குக் கேட்கிறார்கள். (புரோக்கர் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். ஒவ்வொன்றும் அடிதான், சதுரம் மட்டும் கண்ணில் படவே இல்லை.) லிஃப்டுக்குத் தனி, தண்ணீருக்குத் தனி, பதினோரு மாதம் முடிந்தால் மறுபடியும் ஏற்றுவார்களாம். ஊருக்கு வெளியே போனால் குறையும்தான், ஆனால் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டும், குறைந்த வாடகையை என் தூக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும். இருபது நாளில் பதினான்கு வீடு ஏறி இறங்கிவிட்டேன். ஒரு வீட்டில் அடுப்பு முன்னால் நின்றால் குளியலறைக் கதவு முதுகில் இடிக்கிறது, இன்னொன்றில் விருந்தாளி யாரும் தங்கக் கூடாதாம். அப்பா பஸ் ஓட்டும்போதே வாடகைப் பலகையைத் தேடுகிறார், அப்படித் தேடி ஒரு நாள் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டாராம். பின்னால் இருந்து ஒரு அம்மா, என்ன டிரைவரே, உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களா என்று சத்தம் போட்டாளாம். வீடு இருந்தா கூட்டிட்டுப் போக மாட்டேனாம்மா என்றாராம் இவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடைசியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒன்று அமைந்தது. ஒரே படுக்கையறை. பால்கனி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். உன் கட்டில் அங்கே நுழையாது. இதைச் சொல்ல வாய் வராமல்தான் மூன்று நாள் தள்ளிப் போட்டேன். விற்றுவிடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். லீவுக்கு வரும்போது என் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வாய்தானே? வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே, உனக்கு இங்கே இடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரு, கைக்கு வெந்நீர் வைத்துவிட்டு வருகிறேன்.

(அம்மா போய்விட்டாள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உன் கட்டிலைக் காலி செய்தது கால்குலேட்டர் இல்லை, நான். பரீட்சை லீவில் பொழுது போகாமல் அம்மா போனை எடுத்து நம் வீட்டுக்கே வாடகை விளம்பரம் போட்டேன். "ஏரி பார்த்த பால்கனி, காற்று இலவசம்" என்று எழுதி, நாம் கொடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு கேட்டிருந்தேன். எவன் ஏமாறுகிறான் பார்ப்போம் என்றுதான். ஒரு புருஷன் பெண்டாட்டி நிஜமாகவே வந்து, நாம் யாரும் இல்லாத நேரத்தில் கால்குலேட்டரிடமே ஏரி எங்க சார் என்று கேட்டு, வாடகையையும் சொல்லிவிட்டார்கள். தெருப் பேர் மட்டும்தான் போட்டேன், கதவு எண் சத்தியமாகப் போடவில்லை, எப்படிக் கண்டுபிடித்தார்களோ. இருபது நாளாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை அக்கா. மேலே உள்ளதெல்லாம் பழைய ஸ்டாக்.)

வந்துவிட்டேன். எழுதிட்டியாடி என்று கேட்டேன், எதைம்மா என்றாள், ஏரியை என்றேன். பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். போன் என்னுடையது, அழைப்பெல்லாம் யாருக்கு வரும்? ஏரி பார்த்த பால்கனியாமே என்று முதல் ஆள் கேட்டதுமே தெரிந்துவிட்டது. எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியை ஏரி என்கிறவர்கள் உலகத்திலேயே ரெண்டு பேர்தான், அதில் ஒருத்தி நீ, அங்கே இருக்கிறாய். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, ஒரு கையில் போன், அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. மூன்றாவதாக ஒரு பெண் கேட்டபோது, ஆமாம்மா, படகு மட்டும் இல்லை, வந்து பாருங்க என்று சொல்லிக் கதவு எண்ணையும் கொடுத்தது நான்தான். நிஜமாக வருவார்கள் என்று யார் கண்டது? அதனால் இவளைத் திட்ட எனக்கு வாயில்லை. ஒருத்தி விளையாட்டுக்கு விளம்பரம் போட்டாள், இன்னொருத்தி அசதியில் விளையாடினாள். (அக்கா, அம்மா சொல்வதைக் கேட்டாயா!) நீயும் இவளைத் திட்டாதே. போனில் பேசும்போது அப்பாவிடம் மட்டும் உளறிவிடாதே, அவர் ஏற்கெனவே ஸ்டாப்பைத் தாண்டுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், பணம் கூடுதலாக அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. கட்டில் விஷயத்துக்குப் பதில் போடு. ஏரிக்குப் பேர் வைத்தவள் நீதானே, ஜன்னலுக்கு எதிரே நிற்கிற அந்தச் சுவருக்கும் நல்லதாக ஒரு பேர் வைத்து எழுது. ஒன்றாம் தேதிக்குள் வேண்டும். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
அம்மா

(கோணலாக இருக்கும் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளே இடது கையால் எழுதியது.)