கிள்ளானிலிருந்து வந்த டானிக்

பிரிக்பீல்ட்ஸ்
நவம்பர் 1931

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வேலைக்குப் போயிருக்கும் கிள்ளானிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய டானிக் வந்து சேர்ந்தது. பெண்களின் சோர்வுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் படுக்கையில் கட்டைபோலக் கிடக்கிறேன் என்று என்னிடம் குறைப்பட்டதை அவரிடமும் சொல்லிவிட்டீர்களா?

இங்கே மழை விடவில்லை. பிள்ளைகளுக்குச் சளி.

கல்யாணத்தன்று அம்மா, "அசையாம படு, மனசுக்குள்ள ஜெபம் சொல்லிக்க" என்று மட்டும்தான் சொல்லி அனுப்பினார். இந்த ரயில்வே குவார்ட்டர்ஸிலும் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினாலும் கேட்கும். அப்படியே கிடந்து பழகினேன். முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகரக் கூரையில் பெருமழை கொட்டியபோதுதான், யாருக்கும் கேட்காது என்று பயம் விட்டு உங்களை இறுகக் கட்டிக்கொண்டேன். என்னையறியாமல் குரல் வந்தது. நீங்கள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது; நான் மறுபடி அசையவில்லை.

டானிக்கைத் திருப்பி அனுப்புகிறேன். அன்று வாயில் வராத பதிலை இப்போது எழுதுகிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு உங்கள்மேல் ஆசையாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி