எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். இத்தனை வருடத்தில் உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? நலமா என்று கேட்கவும் தெரியவில்லை. அங்கே ரோடு சமதரையாக இருந்தால் சந்தோஷம். ஏற்றம் ஏறி ஏறி உங்களுக்கும் அலுத்திருக்கும்.

போன மாதம் உங்கள் முதல் வருடத் திதி முடிந்தது. பேப்பரில் படம் போட்டு, கீழே நாலு வரி கவிதையும் போடலாம் என்று என் தம்பி சேகர் சொன்னான். கவிதை வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். கண்டி லொறி ஸ்டாண்டில் காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பேப்பர் வாசிக்கிறவர்கள்தானே. அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் உங்களுக்கு ஊரறிய எழுதுகிறேன். ஒவ்வொருத்தராகப் பிடித்து விளக்கம் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

எதைப் பற்றி என்று கேட்பீர்கள். வேறு எதைப் பற்றி? உங்கள் லொறி எஞ்சினைப் பற்றித்தான்.

சிரிக்காதீங்க. நீங்கள் இருக்கும்போது அந்த எஞ்சினுக்கு முதல் எதிரி நான்தான், மறுக்கவில்லை. மாத்தளை ரோட்டு ஏற்றத்தில் ஒரு சைக்கிள்காரன் நம் லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் அவனுக்கே அலுத்துப்போய், கையை விட்டுவிட்டு நம்மை முந்திக்கொண்டு மிதித்துப் போனான். "இது லொறியா, சாமி ஊர்வலமா?" என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "ஏறும் ராஜி. அது ஏறுற மாதிரித்தான் ஏறும்" என்றீர்கள். யார் என்ன சொன்னாலும் உங்களுக்கு அந்த ஒரே பதில்தான்.

அப்படிப்பட்ட என்னை இப்போது அந்த எஞ்சினுக்கு வக்கீலாக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். வக்கீல் வேலை அலுப்பான வேலைங்க.

உங்களை வீட்டில் கிடத்தியிருந்த அன்றே அது ஆரம்பித்துவிட்டது. சேகர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "மச்சானக் கொன்னதே அந்த எஞ்சின்தாங்க. இழுவை இல்லாத வண்டியோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே நெஞ்சு போயிருச்சு. கடுகண்ணாவை ஏத்தத்துல வண்டி நின்னுருச்சு, பயத்துல இவருக்கும் நின்னுருச்சு." கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். லொறி ஸ்டாண்டிலும் அதே கதை. குண்டசாலைக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் அங்கேயும் அதே கதை. பார்த்த ஆள் ஒருத்தரும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது!

இருபது வருடத்துக்கு மேல் நமக்குச் சோறு போட்ட எஞ்சினை இப்படி எடுத்த எடுப்பில் கொலைகாரன் ஆக்குவதா? அந்த இடத்தில் என்னதான் நடந்தது என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் நம் மகன் தினேஷைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த வளைவுக்குப் போனேன்.

வாசிக்கிறவர்களுக்காக அந்த வளைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து பருப்பும் சீனியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வரும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தில் நம் லொறிக்குப் பின்னால் பஸ்ஸும் வேனும் காருமாக வால் நீண்டுவிடும். பாதி ஏற்றத்தில் அகலமான ஒரு வளைவு வரும். அங்கே நீங்கள் லொறியை ஓரம் கட்டி, பின்னால் வந்த அத்தனை பேரையும் போகவிட்டு, அதற்குப் பிறகுதான் கிளம்புவீர்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் நன்றிக்கு ஒரு சின்ன ஹோன் அடித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் ராஜா மாதிரி கையைத் தூக்குவீர்கள். அந்த ரோட்டில் ஓடுகிற அத்தனை டிரைவர்களுக்கும் அது தெரியும்.

அந்த வளைவில் டீக்கடை வைத்திருக்கிற சோமா அக்கா என்னைக் கண்டதுமே அழுதுவிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "வழக்கம்போலத்தான் வந்தாரு தங்கச்சி. ஓரமா நிப்பாட்டினாரு. பின்னால வந்தவங்க எல்லாம் ஹோன் அடிச்சிட்டுப் போனாங்க. கடைசி வண்டி போனதும் இவரும் கெளம்புவாரு. அன்னைக்கு ரோடு காலியாகியும் லொறி கெளம்பல. அதுக்கப்புறம்தான் போய்ப் பாத்தேன்."

கிளீனர் பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் தனியாகப் போயிருந்தீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. சிக்னல் லைட் கூட மினுக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் சீட்டில் சாய்ந்திருந்தீர்கள், தூங்குகிறீர்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம்.

"எஞ்சின் நின்னு போயிருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதை நிப்பாட்டவே எனக்குத் தெரியலையே தங்கச்சி! இவரை திரீவீலர்ல ஏத்தி அனுப்பின பிறகும் அது அங்கேயே ஓடிக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு யாரோ வந்துதான் சாவியைத் திருப்பினாங்க."

கேட்டீர்களா? எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது நீங்கள்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பேராதனை வரைக்கும் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அழுகையும் வந்தது, ஏதோ ஒரு கேஸை ஜெயித்த மாதிரியும் இருந்தது.

அன்றிலிருந்து வாதாடுகிறேன். இழுவை குறைவுதான், நான் எப்போது இல்லை என்றேன்? டர்போ இல்லாத பழைய ஜப்பான் எஞ்சின், அதில் இருக்கிற பலம் அவ்வளவுதான். ஆனால் டீசலுக்கு வரிசையில் கிடந்தோமே, அந்தக் காலத்தை ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையா? உதிரிப்பாகம் வராமல் கம்பியூட்டர் வைத்த புது லொறிகள் வீட்டு வாசலில் தூசி பிடித்து நின்றபோது, எந்த டீசலை ஊற்றினாலும் இருமிக்கொண்டாவது ஓடியது எது? நாவலப்பிட்டிப் பக்கம் நிறைபாரத்தோடு இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டுவிட்டால், பிரேக்கில் கால் படாமலே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது எது? இழுக்கவில்லை என்று திட்டுகிற வாய், பிடித்ததைச் சொல்லாதா? நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் கிளிப்பிள்ளை மாதிரி நானும் சொன்னேன். சேகர், "அக்காவுக்கு மச்சான் போன கவலையில பேச்சு கூடிப்போச்சு" என்றான். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது.

சேகரை விடுங்கள். என்னைக் களைக்க வைத்தவன் நம்ம மகன்தான்.

உங்களுக்குப் பிறகு தினேஷ்தான் லொறியை ஓட்டுகிறான். ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே எஞ்சினை மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் டர்போ வைத்த எஞ்சின் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டான். லொறி இப்போது என் பெயரில் இருப்பதால் நான் சரி என்று சொல்லாமல் முடியாது. நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. "அப்பா வேற, எஞ்சின் வேறம்மா" என்பான். "அந்த எஞ்சின் மேல பழி விழுந்திருக்கு. இப்பக் கழட்டினா, ஆமா அதுதான் கொன்னுச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும்டா" என்பேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவான்.

திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் பேச்சு எழுந்தது. நான் வழக்கம்போல, "சோமா அக்காவே சொன்னாங்களே, எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு" என்று ஆரம்பித்தேன்.

"அதுதாம்மா பிரச்சினை" என்றான். அப்படி ஒரு குரலில் அவன் என்னிடம் பேசியதே இல்லை. "வேற ஒரு லொறி அந்த எடத்துல நின்னிருந்தா, என்னமோ ஏதோன்னு யாராவது எட்டிப் பாத்திருப்பாங்க. நம்ம லொறின்னு தெரிஞ்சதாலதான் யாரும் பாக்கல. வழக்கமா நிக்கிற வண்டிதானேன்னு எல்லாரும் ஹோன் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்பா உள்ள கெடந்தாரு. அவங்க தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்கம்மா."

நான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன்.

"அதே எஞ்சினோட நானும் ஒவ்வொரு லோடுக்கும் அந்த வளைவுல நிக்கிறேன். நிக்காம ஏற முடியாது. பின்னால வர்றவன் ஒவ்வொருத்தனும் ஹோன் அடிக்கிறப்ப எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. அப்பா அதைக் கேட்டுக்கிட்டேதான் போயிருப்பாரோன்னு தோணுது. எனக்கு வேகமும் வேணாம், ஒன்னும் வேணாம். அந்த எடத்துல நிக்காமப் போற மாதிரி ஒரு எஞ்சின் குடுங்கம்மா."

இத்தனை மாதம் நான் டீசலையும் கியரையும் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளை தினமும் அங்கே போய் நின்று உங்களைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறான், வாயைத் திறக்காமல்.

உடனே யாராவது எட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முன்பே கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். நீங்கள் கையைத் தூக்கவில்லை என்பதை அந்த வரிசையில் ஒருத்தர் கூடவா கவனிக்கவில்லை? அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ வருடம் வழி விட்டு விட்டு அவர்களை அப்படிப் பழக்கிவைத்ததே நீங்கள்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த நேரத்திலும் ஓரம் கட்டி, பிரேக் இழுத்து, பின்னால் வந்த பஸ் சனத்துக்கு வழி விட்டிருக்கிறீர்களே. உங்களை நினைத்துப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா? எனக்கு இன்னும் தெரியவில்லைங்க.

மறுநாள் காலை நானும் தினேஷோடு லொறியில் ஏறிக் கட்டுகஸ்தோட்டை கராஜுக்குப் போனேன். மெக்கானிக் பாஸ் கேபினைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா. இந்த எஞ்சின்ல என்ன இழுவை இருக்கு?" என்றார்.

"குறை சொல்லாமக் கழட்டுங்க பாஸ்" என்றேன். "எங்க வீட்டுக்காரர் மூச்சு நின்ன பிறகும் அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

தினேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த எஞ்சினை ஒரு மர ஆலைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அங்கே ஏற்றம் ஏறுகிற வேலை இல்லை, நின்ற இடத்தில் ஓடினால் போதுமாம். கேட்டதும் எனக்கு மனது கொஞ்சம் ஆறியது.

புது எஞ்சினோடு போகிற முதல் நாள், சாவியைக் கொடுக்கும் முன் தினேஷிடம் ஒரே ஒரு கட்டளை போட்டேன். "நீ அங்க நிக்க வேணாம்டா. ஆனா அந்த வளைவுல எந்த லொறி நின்னாலும் ஹோன் அடிச்சுட்டுப் போகக் கூடாது. நிப்பாட்டி, எறங்கி, டிரைவர் மொகத்தைப் பாத்துட்டுத்தான் போகணும்." சரி என்றான்.

முந்தாநாள் அங்கிருந்து போன் பண்ணினான். "அம்மா, ஒரு லொறி நின்னுச்சு. எறங்கிப் போய்க் கதவைத் தெறந்தேன். டிரைவர் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பயந்து போயிட்டாரும்மா. பைத்தியமாடா உனக்குன்னு கண்டபடி திட்டிட்டாரு."

"நல்லாத் திட்டினாரா?" என்று கேட்டேன்.

"தொண்டை கிழியத் திட்டினாரு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தேன், உடனே அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. திட்டுகிற அளவுக்கு ஒரு மனுசன் அந்த வளைவில் உயிரோடு உட்கார்ந்திருந்தான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வாக்குக் கொடுக்கிறேன். கையில் ஸ்டியரிங் இருக்கிற வரைக்கும் உங்கள் மகன் அங்கே நிற்கிற ஒவ்வொரு லொறியின் கதவையும் திறந்து பார்ப்பான். எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாலும் பார்ப்பான். அவன் மறந்தால் நான் விடமாட்டேன்.

வாதாடிக் களைத்த உங்கள் வீட்டுக்காரி,
ராஜி