முப்பத்தெட்டுப் பெயர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை. பாரிசில் எங்கட ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, யோசிக்க வேண்டாம்.

நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு மடாமுக்கு எண்பத்தாறு வயது. அவருடைய தகப்பன் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமி. போன கிழமை அந்தக் கப்பலின் போர்க்கால வரலாறு கடற்படையிடமிருந்து தபாலில் வந்தது. எந்த நாள் துறைமுகத்தை விட்டது, எந்தக் கப்பலைத் தாக்கியது, எங்கே கண்ணிவெடியில் அகப்பட்டு மூழ்கியது, எல்லாம் இருந்தது. கடைசித் தாளில் இறந்த முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள். மடாம் தகப்பனின் பெயரைத் தடவித் தடவிக் காட்டினார்.

எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது, அம்மா. ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் படகேறிப் போய்த் திரும்பாத அண்ணையைத் தேடி நீங்கள் எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினீர்கள்! ஒரு துண்டுக் கடதாசி தந்தார்களா?

"எனக்கு வேலை கிடக்கு மடாம்" என்று சொல்லிவிட்டு, தூசி உறிஞ்சும் மெசினைப் போட்டேன். அவர் தாள்களை மடித்தார்.

பிறகு வெட்கமாகிவிட்டது. மெசினை நிற்பாட்டி, அண்ணையைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த நாள் போனவர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயதுதானே.

நீங்கள் வறுத்து இடிப்பித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கோ. அதோடு அண்ணை போன திகதியையும், படகின் இலக்கத்தையும், கூடப் போனவர்களின் பெயர்களையும் உங்கள் கையால் எழுதி வையுங்கோ. அண்ணை உயிரோடு இல்லை என்று நான் சொல்லவில்லை, அம்மா. அழ வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
வசந்தரூபி