திரும்பி வர ஒரு டிக்கெட்

என்னங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

உப்பு வாங்கினாக்கூட அந்த ஏர்லைன்ஸ் கார்டுலதான் தேய்க்கணும், மைல்ஸ் ஏறும், ஃப்ரீ டிக்கெட் கிடைக்கும்னு என் உயிரை வாங்கினீங்களே, அந்த மைல்ஸ் எல்லாம் நேத்து ஒரேயடியா காலி. விளம்பரமா வந்து தொல்லை பண்ணுதுன்னு கார்டுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தீங்க, அதை மறந்துட்டீங்க. டிக்கெட் மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு.

கல்யாண நாள் பயணம். போக ரெண்டு பேர். திரும்பி வர்றது நீங்க மட்டும்.

ஏதோ தப்பு நடந்திருக்கும்னுதான் கஸ்டமர் கேருக்குப் பேசினேன். "ரிட்டர்ன் ஒண்ணு போதுமா சார்னு நானே கேட்டேன் மேடம், போதும்னு சொன்னாரு"ன்னா அந்தப் பொண்ணு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, தங்க வளையலை எல்லாம் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு வான்னு நீங்க சொன்னது.

நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். மாத்திரை ஃபிரிட்ஜ் மேல இருக்கு, மறக்காம போடுங்க.

பி.கு.: சாயங்காலம் அண்ணன் ஸ்டேஷன்ல இருந்து நேரா வருவாரு. யூனிஃபார்மோட. கதவைத் திறந்துடுங்க.

இன்னொண்ணு: மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே உங்க சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுப் பெட்டியில அடுக்கிட்டேன். பிரிக்காதீங்க. அண்ணன் கூடப் போகும்போது தேவைப்படும்.