மேலே ஒரு கோட்

நிலவுக் குடியிருப்பு, கூடம் இரண்டு
பராமரிப்புப் பதிவு
எழுதுபவர்: மு. முத்துச்செல்வி, பூச்சுப் பிரிவு

ஜனவரி 8, காலை 9.10

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. என்னைத் தவிரக் கூடத்தில் யாரும் இல்லை. பிப்ரவரியில் நான்கு பேர் குடிவருகிறார்கள். அவர்களில் ஒரு டாக்டர், கற்பூரவல்லித் தொட்டி வைக்க இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். இருக்கும்.

சுவர், நிலவு மண்ணைச் சுட்டுச் செய்த செங்கல். செங்கல் வழியே காற்று கசியும். அதைத் தடுத்து வைத்திருப்பது பழைய பச்சைப் பெயிண்ட் மட்டும்தான். அதில் இப்போது மயிரிழை விரிசல்கள். அது எண்ணெய் பெயிண்டா, தண்ணீர் பெயிண்டா என்று யாரும் குறித்து வைக்கவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். தண்ணீர் பெயிண்ட் என்றால் நிறம் பஞ்சில் இறங்கும். இறங்கவில்லை. எண்ணெய் பெயிண்ட். கண்ணாடி போல மினுமினுப்பு.

புதிதாக அனுப்பியிருப்பது தண்ணீர் பெயிண்ட். மூடிய கூடத்தில் எண்ணெய் பெயிண்டின் வாடை ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் அதற்குத் தடை. ஆனால் மினுமினுப்பின் மேல் தண்ணீர் பெயிண்ட் நேராகப் பிடிக்காது. உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேய்க்க வேண்டும். துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் வெள்ளை. பத்து நாள் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 9, காலை 11.00

பூமியிலிருந்து, திட்ட மேலாளர் தனசேகரன்:

"பத்து நாளா? ஏம்மா, பொங்கலன்னிக்கு நேரலை. நிலவுல முதல் பொங்கல்னு நாடே பாக்கப்போகுது. வெள்ளையடிக்காத வீட்டையா காட்டச் சொல்ற? தேய்ச்சா தூசி பறக்கும், ஃபேனை நிறுத்தணும், அதெல்லாம் வேணாம். மேலே ஒரு கோட் அடி."

நான்: "சார், அது பிடிக்காதுங்க சார்."

"எங்க வீட்ல முப்பது வருஷமா மேல மேலதான் அடிக்கிறோம். வீடு நிக்குது."

சரிங்க சார் என்றேன். என் குரல் பூமிக்குப் போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகும். பணிந்துபோக எனக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்ற நாட்களில் பழகிய சொல் அது.

ஒன்றை மட்டும் பதிகிறேன். சுவர் தேய்க்கப்படவில்லை. பிரைமர் அடிக்கப்படவில்லை. உத்தரவின்படி.

ஜனவரி 15, மாலை 4.30

நேரலை முடிந்தது. குக்கரில் பொங்கல். "கொஞ்சம் சிரிம்மா" என்றார்கள். சிரித்தேன். சுவர் அழகாகத்தான் இருக்கிறது. பூமியில் தகவல் தொடர்புப் பிரிவில் இருக்கும் லூர்து அக்கா:

"ஏட்டி செல்வி, கல்யாண வீடு மாரில்லா இருக்கு! மாப்பிள்ளதான் பாக்கி."

ஜனவரி 17, காலை 7.45

இங்கே சூரியன் இறங்கிவிட்டது. இனி இரண்டு வாரம் நிலவின் இரவு. வெளியே கடுங்குளிர். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க உள்வெப்பத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

படுக்கைக்குப் பின்னால் அப்பளம் அளவுக்கு ஒரு கொப்புளம். நகம் பட்டதும் பால் ஆடை போலக் கையோடு வந்தது. விரிசல் இருந்த இடங்களில் பச்சையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அங்கே வெறும் செங்கல்.

ஜனவரி 18, பகல் 1.20

அழுத்தம் இறங்குகிறது. உரிந்த செதில்கள் ஃபேன் வடிகட்டியில் போய் அடைக்கின்றன. எடுக்க எடுக்க அடைக்கிறது.

தனசேகரன்: "கேமராவுல தெரியுற பக்கமா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஏன் பதட்டப்படுற?"

ஜனவரி 19, காலை 10.05

லூர்து அக்கா, தணிந்த குரலில்: "ஏட்டி, சத்தங்காட்டாம கேளு. ஒம்பதாந்தேதி நீ எழுதுனத மாத்திட்டாவ. தேய்ச்சாச்சு, பிரைமர் அடிச்சாச்சுன்னு போட்டிருக்கு. ஒம் பேர்லதான். நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அலுவலகப் பதிவைத் திறந்து பார்த்தேன். உண்மை. அந்த முத்துச்செல்வி என்னைவிடத் தெளிவாக எழுதுகிறாள். என் கைக்கருவியில் இருக்கும் நகலை மட்டும் அவர்களால் தொட முடியவில்லை. இனி அதில் மட்டும் எழுதுகிறேன். பூமிக்கு அனுப்பவில்லை.

இன்று முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். "சார், நாலு பேரு இந்தச் சுவத்த நம்பி வர்றாங்க. அவங்கள நிறுத்துங்க சார்."

தனசேகரன்: "அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு கோட் அடிச்சுக்கலாம். உன்னை எடுக்க வண்டி கிளம்பியாச்சு, இருபத்திமூணாந்தேதி வந்துடும். பூட்டறைக்குள்ள போய் உக்காரு."

பூட்டறை, வெளியே போகும் வழியில் இருக்கும் சிறிய உலோக அறை. காற்று கசியாது. ஆனால் அங்கே இருக்கும் காற்று இருபத்திமூன்று வரை வராது. அது அவருக்கும் தெரியும்.

ஜனவரி 20, காலை 8.15

பூட்டறைக்குள் வந்துவிட்டேன். உணவுப் பை ஒன்று எடுத்துவந்திருக்கலாம். நான் எடுத்துவந்தவை உப்புத்தாள், பிரைமர், கட்டியவர்கள் மிச்சம் விட்டுப்போன, நேற்றுத்தான் கண்ணில் பட்ட பச்சை எண்ணெய் பெயிண்ட்.

உலோகச் சுவரைத் தேய்த்தேன். அவசரமே இல்லாமல். துடைத்தேன். பிரைமர் அடித்துக் காயவிட்டேன். பிறகு தூரிகையை எடுத்தேன். இருக்கும் காற்றையும் இந்த வாடை கெடுக்கும். தெரிந்தேதான் செய்கிறேன்.

சுவர் விளக்குக்குக் கீழே எழுதியது: *கூடத்துச் சுவரைத் தேய்க்கவில்லை. உள்ளே தங்காதீர்கள். உண்மைப் பதிவு இந்த விளக்குக்குப் பின்னால்.*

இதன் மேலும் வெள்ளை அடிப்பார்கள். கட்டாயம் அடிப்பார்கள். ஆனால் தேய்க்கமாட்டார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

ஜனவரி 21

மணி பார்க்கவில்லை. தலை பிளக்கிறது. லூர்து அக்கா பேசிக்கொண்டே இருக்கிறார். "தூங்காதட்டி. ஏ செல்வி. எதாவது சொல்லு, திட்டவாவது செய்யி."

யாரைத் திட்ட. சரிங்க சார் சொன்ன வாய்.

எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பிசுக்கு.

இன்னும் பிசுக்கு.

காய்ந்துவிட்டது. மினுமினுக்கிறது அக்கா. உரியாது. கருவியை விளக்குக்குப் பின்னால் வைக்கப்போ

---

கூடம் இரண்டு, அலுவலகப் பதிவு

ஜனவரி 23, மாலை 6.00

பூச்சுப் பணியாளர் உயிரிழப்பு. அவரது கைக்கருவி கிடைக்கவில்லை. காரணம்: தடைசெய்யப்பட்ட எண்ணெய் பெயிண்டைப் பூட்டறையில் தன்னிச்சையாகப் பயன்படுத்தியது. பூட்டறைச் சுவரில் இருந்த கிறுக்கல் மேல் ஒரு கோட் வெள்ளை அடிக்கப்பட்டது. கூடத்துக்கும் மேலே ஒரு கோட். குடியிருப்பு தயார்.

மார்ச் 3, காலை 8.40
எழுதுபவர்: டாக்டர் ரெஹானா

காற்றழுத்தம் சற்றுக் குறைவு. நால்வரும் நலம். கற்பூரவல்லித் தொட்டியில் வெள்ளைச் செதில்கள் கிடக்கின்றன, பால் ஆடை போல. அலுவலகத்தில் கேட்டதற்கு, "மேலே ஒரு கோட் அடிங்க மேடம்" என்றார்கள்.

பெயிண்ட் டப்பா எடுக்கப் பூட்டறைக்கு வந்தேன். இங்கும் வெள்ளை உரிந்து தொங்குகிறது. அடியில் பச்சை எழுத்து, கண்ணாடி போல மினுமினுப்பு. இதுவரை ஒரு சொல்தான் தெரிகிறது: தேய்க்கவில்லை. மீதியை நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

கூடத்தில் ஃபேன் சத்தம் நின்றுவிட்டது.