அப்பாவின் வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

அன்புள்ள வேரோனிக்காச் சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், சித்தி. வாசித்ததும் கிழித்துவிடுங்கள். மெசேஜ் அனுப்பப் பயமாக இருக்கிறது. என் டப்லெட்டுக்கு வருவதெல்லாம் அம்மாவின் போனிலும் வரும். தமிழில் எழுதினால் தம்பி கஜீவன் எடுத்தாலும் முதல் வரியைத் தாண்டமாட்டான். இப்போது மேல் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.

மொன்றியலில் பனி குறைந்துவிட்டதா? இங்கே எங்கள் வீட்டுப் படிக்கட்டு இன்னும் வழுக்குகிறது.

புதன்கிழமை நடந்ததை அப்பா வந்து சொன்னார். மார்க்கம் நகரில் அப்பா வேலை செய்யும் கொம்பனியின் தலைமையகத்துக்கு நீங்கள் உங்கள் பத்திரிகைக்காக வரும்போது, வாசல் காவல் மேசையில் இருக்கும் அவர் உங்களைத் தெரியாதவர்போல நடிக்கவேண்டும் என்று பேசி வைத்திருந்தீர்கள்தானே. அவர் விசிட்டர் அட்டை தந்து “வெல்கம், மேடம்” என்றாராம். நீங்கள் “தாங்க்யூ, சேர்” என்றீர்களாம். “என்ரை கலியாணத்திலை தோழிப்பிள்ளையா நிண்டு தூங்கி விழுந்தவளுக்கு நான் மேடம் போட்டன்” என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

உங்களைச் சுற்றிக் காட்டிய பெண், தங்கள் மென்பொருள் மற்ற இடங்களில்தான் வேலையாட்களுக்குப் புள்ளி போடுகிறது, இங்கே ஒருவரையும் அளப்பதில்லை என்றாராம். அப்போது அப்பா அவருக்குப் பின்னால்தான் நின்றார், நெஞ்சில் அந்தச் சின்னப் பெட்டியோடு. கதிரையை விட்டு எழும்பினால் நிமிடங்களை எண்ணும் பெட்டி. நீங்கள் ஒரு தாளை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினீர்கள். பெயரைக் கறுப்பால் மறைத்திருந்தும், மூன்று வெள்ளிக்கிழமையும் சிவப்பில் வந்திருந்த அந்த வாராந்தப் புள்ளிகள் தன்னுடையவை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் போனில் மட்டும் இருந்தது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று திகைத்துப்போய் நின்றாராம்.

அப்படி நின்றவர்தான், நீங்கள் வெளியே போகும்போது தன்னை மறந்து, “பிள்ளை, சிப்பை இழு, நெஞ்சிலை குளிர் அடிக்கப்போகுது” என்று சொல்லிவிட்டார். மைனஸ் பதினெட்டில் உங்கள் கோட் திறந்து கிடந்தால் அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? நீங்களும் திரும்பிப் பார்க்காமலே “ஓம் அத்தான்” என்றீர்களாம். அந்தப் பெண் அப்பாவிடம், இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். திங்கள் காலை மனிதவளப் பிரிவுக்கு வரச் சொல்லி அப்பாவுக்கு இமெயில் வந்துவிட்டது.

அன்றிரவு அம்மா உங்களோடு போனில் கத்தியதைப் படியில் இருந்து கேட்டேன். “கிறிஸ்மஸுக்கு வந்து நிண்டனி, அத்தான்ரை போனை நோண்டவோ வந்தனி? இனி என்ரை வாசலை மிதியாதை” என்று கேட்கக்கூடாததெல்லாம் கேட்டார். ஸ்பீக்கரில் உங்கள் குரல் வந்தது. “ஆர் தந்ததெண்டு நான் சொல்லமாட்டன் அக்கா. திங்கள் போகட்டும், அதுக்குப் பிறகுதான் எழுதுவன்” என்று மட்டும் சொன்னீர்கள். ஸ்டெபனி என்ற என் பெயர் உங்கள் வாயிலிருந்து வரவேயில்லை.

சித்தி, உங்களிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டேன். தோழியின் போனிலிருந்து அந்தப் புள்ளிகளின் படத்தை உங்களுக்கு அனுப்பியபோது, அப்பாவுக்குத் தெரியுமா, அவருக்குச் சம்மதமா என்று இரண்டு தரம் கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் படம் பிடித்தேன். பாத்ரூம் போகும் நிமிடங்கள் கூடிவிடும் என்று அவர் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டால், “வயித்துக்குள்ளை சரியில்லை பிள்ளை” என்பார். இதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

கட்டுரையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அப்பாவுக்கு இந்த வேலை போனால் எங்கள் வீட்டுக்கு என்ன நடக்கும்? ஆனால் இன்று பின்னேரம் அவர் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், குசினியில் நின்றபடி இரண்டு கிளாஸ் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. எழுதுங்கள், சித்தி. அப்பாவுக்குத் தெரியாமல் மட்டும் எழுதவேண்டாம். அவரிடம் ஒருமுறை கேளுங்கள். அதற்கு முன் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது காரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அம்மாவோடு கோபிக்காதீர்கள். உங்களுக்கென்று சுற்றி வைத்த மட்டன் ரோல்ஸை இன்னும் பிரீசரில்தான் வைத்திருக்கிறார். தம்பி கேட்டதற்கு, “உது சித்திக்கு, கை வையாதை” என்று அடித்துவிட்டார். ஆண்டவர் உங்களை

சித்தி, அப்பா கதவைத் தட்டுகிறார். “பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ” என்கிறார். ஞாயிறு வரை என்னால் பொறுக்க முடியாது. வாங்கோ அப்பா என்று சொல்லிவிட்டேன், இப்போதே நான்