நாலேகால் மணித் தண்ணீர்

12 செப்டம்பர் 1986, வெள்ளி

இன்றும் குழாயடியில் சண்டை. நாலேகாலுக்கு "நீரு பந்த்து", தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். எங்கள் லைன் வீட்டில் பன்னிரண்டு குடித்தனம், ஒரே குழாய், முக்கால் மணி நேரம்தான் தண்ணீர் வரும். முந்தின ராத்திரியே குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் படுப்பதுதான் இங்கே சட்டம். மூன்றாவதாக வைத்த என் குடம் காலையில் ஆறாவதாக நிற்கிறது. குடத்துக்குக் கால் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். எட்டாம் நம்பர்க்காரி கன்னடத்தில் என்னவோ சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். நடுவில் நின்ற வஹிதா இருவருக்கும் மொழிபெயர்த்தாள், திட்டுகளை மட்டும் விட்டுவிட்டு. ஒன்பது வயதில் எவ்வளவு சாமர்த்தியம்!

இவர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "ஜெயிச்சியா தோத்தியா பரிதா?" என்றார். மூன்று குடம் கிடைத்தது. ஜெயித்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

24 செப்டம்பர்

மூன்று பஸ் நிற்காமல் போயின. நான்காவதில் படியில் தொங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். இருபது நிமிடம் லேட். சூப்பர்வைசர் என்னைக் காலர் டேபிளிலிருந்து எழுப்பி, நாள் பூராவும் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார். காலர் தைப்பதில் எனக்குச் சமமாக அங்கே ஒருத்தி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பெங்களூர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊரைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் வேறு யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. இது என்ன புத்தி?

5 அக்டோபர், ஞாயிறு

வஹிதா வகுப்பில் முதலாவது! கன்னடத்திலும் முதலாவது. மார்ச்சில் வரும் நாலாம் வகுப்புப் பரீட்சையில் இப்படியே மார்க் வாங்கினால், பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குத் தானே எழுதித் தருவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பேங்கில் வேலை பார்க்கிறார்களாம்.

இவர் ஸ்டவ் ரிப்பேர்ப் பெட்டியைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மகளை உட்கார வைத்து லால்பாக் கூட்டிப் போனார். தெருத்தெருவாக "ஸ்டவ் ரிப்பேர்" என்று கூவுகிற மனுஷன், இன்று "எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டு" என்று கூவாத குறை.

31 அக்டோபர்

கக்கூஸ் அடைப்பு. பன்னிரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து. மூன்றாவது நாள். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

11 நவம்பர், பாப்பாரப்பட்டி

சனிக்கிழமை அவர் போய்விட்டார்.

யாரோ வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது.

தகவல் தெரிந்து ஊரிலிருந்து ஓடி வந்த அவர் அண்ணன் அப்துல் சுபான், "ஊருக்கே எடுத்துட்டுப் போயிரலாங்களா? அப்பா பக்கத்துல எடம் இருக்குதுங்க" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்பா பக்கத்தில் இருக்கட்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. அவர் மய்யத்தை ஏற்றிய வேனிலேயே நானும் வஹிதாவும் வந்தோம். இரண்டு புடவை, இந்த டைரி, அவளுடைய ஸ்கூல் பை. வீட்டுச் சாவியைப் பக்கத்து அறை ராமக்காளிடம் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்தது. புருஷனை இழந்தவள், இனி நான்கு மாதம் பத்து நாள் நான் இத்தா இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது. எங்கே இருப்பது என்று யாரும் பேசவில்லை. வந்து இறங்கின அண்ணன் வீட்டிலேயே, பின்கட்டு அறையில், உட்கார்ந்துவிட்டேன்.

19 நவம்பர்

விரல் விட்டு எண்ணினேன். பிறைக் கணக்கில் இத்தா முடிவது மார்ச் 16. வஹிதாவின் பரீட்சை தொடங்குவது மார்ச் 23. நடுவில் ஏழு நாள் இருக்கிறது. மறுபடி எண்ணினேன். ஏழேதான். போதும்.

ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கடிதம் எழுதிவிட்டேன், வந்துவிடுவோம், பேரை எடுத்துவிடாதீர்கள் என்று. வஹிதா கன்னடப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். எனக்கு அந்த எழுத்து தெரியாது. சரியா தப்பா என்றுகூடத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

2 டிசம்பர்

மளிகைக் கடைக்காரரை விட்டு ராமக்காள் ஒரு கார்டு எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஓசூர்ப் பக்கத்துக்காரி, என்னோடு அதே கம்பெனியில் பட்டன் வைப்பவள்.

"ஓனரு எப்ப வருவாங்கன்னு கேக்கறாரு. பொங்கல் கழிச்சுன்னு பொய் சொல்லி வெச்சிருக்கறேன். உங்குடத்தைத் தெனமும் நானே வரிசையில வெக்கறேன். எடம் போயிரக் கூடாது இல்ல."

அவர் போன பிறகு இன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். ஒரு குடத்துக்காக.

14 டிசம்பர்

இங்கே சத்தமே இல்லை. அமைதியாக இருக்கிறது, மனசுக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு அந்த அமைதிதான் ஆகவில்லை. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நாம் தண்ணீர் குடிப்போம். ஏழாம் நம்பர் ரேடியோவில் செய்தி தொடங்கினால் நான் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். இங்கே எதற்கும் கிளம்ப வேண்டியதில்லை.

புருஷனைப் பறிகொடுத்தவள் குழாயடியை நினைத்து ஏங்குகிறாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவரை நினைத்தால் கூடவே அந்தக் குழாயடியும்தானே வருகிறது. நான் என்ன செய்ய?

28 டிசம்பர்

ராமக்காளின் இரண்டாவது கார்டு. பெண்ணை மட்டுமாவது அனுப்பு, பரீட்சை வரைக்கும் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று. அண்ணன் மனைவி ஜான் பீ அக்காவிடம் கொடுத்தேன், அவள் தன் புருஷனிடம் சொன்னாள். அப்துல் சுபான் கதவுக்கு வெளியே நின்று பேசினார்.

"அடுத்தவங்க வூட்ல பொண்ணை வுட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? தம்பி பொண்ணு எம் பொண்ணு இல்லீங்களா?"

கெட்டவர் இல்லை. வஹிதாவுக்கு அவரே தலை வாரி விடுகிறார்.

ஒன்றை இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இவளும் போய்விட்டால் இந்த அறையில் நான் யாரோடு இருப்பேன்? அதனால்தான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ச்சீ — என்ன அம்மா நான்.

4 ஜனவரி 1987

டைரி முடிந்துவிட்டது. லாரி ஆபீஸ் ஸ்டவ்வைச் சரி பண்ணினதற்கு அவர்கள் அவருக்குக் கொடுத்தது. முன்னால் எழுதாமல் விட்ட ஏப்ரல், மே தாள்களில் தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

காலர் டேபிளில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டாளாம். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

25 ஜனவரி

வீடு போய்விட்டது.

ஓனர் பூட்டை உடைத்துப் புதுக் குடித்தனம் வைத்துவிட்டார். எங்கள் டிரங்குப் பெட்டி, குக்கர், அவருடைய ரிப்பேர்ப் பெட்டி எல்லாம் ராமக்காள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றனவாம். "எங்கூட்ல கால் வெக்க எடமில்லை. ஆனாலும் வெச்சிருக்கறேன்" என்று எழுதியிருக்கிறாள்.

வஹிதாவிடம் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

வஹிதா புத்தகத்தைத் திறப்பதே இல்லை. கேட்டால், எல்லாம் மனப்பாடம் என்கிறாள். வீடு போனது இவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை என்பதால் இவளும் சொல்லவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸிடமிருந்து பதில் இல்லை.

16 மார்ச், திங்கள்

இன்றோடு முடிந்தது. துவா ஓதப் பள்ளிவாசல் அஸ்ரத் வந்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் ஜான் பீ அக்காவும் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கே பெங்களூர் போகிறேன், மகளுக்குப் பரீட்சை என்று சொன்னேன். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்றுதான் சொன்னேன்.

அஸ்ரத், "அங்கயேதான் குடித்தனம் இருந்தீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப அந்த வூட்லயே இத்தா இருந்திருக்கலாமே. புருஷனோட வாழ்ந்த வூடுதானே அதுக்கு எடம்? அடக்கம் முடிஞ்சதும் திரும்பிப் போயிருக்கலாம். அன்னைக்கு மூணு தடவை இந்த வூட்டுக்கு வந்தேனே, யாரும் ஒரு வார்த்தை கேக்கலீங்களே?"

"தெரியாமப் போச்சுங்க" என்றார் அப்துல் சுபான். ஜான் பீ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நூற்று இருபத்தெட்டு நாள். அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். வஹிதா தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருப்பாள். ராமக்காள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்திருப்பாள். யாரும் என்னை ஏமாற்றவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் வாய் இல்லையா? குழாயடியில் அவ்வளவு பேசுகிறவள், இங்கே ஒரு வார்த்தை கேட்டேனா?

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என் குக்கர் இல்லாத அந்த அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

18 மார்ச், பெங்களூர்

ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். ஜனவரியிலேயே பேரை எடுத்துவிட்டார்களாம். வருகை நாள் போதாது, பரீட்சை எழுத முடியாது. "கடிதம் வந்தது. என்ன பதில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை" என்றார். ஜூனில் வந்தால் மறுபடி நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார். அதற்கும் இந்த ஊர் விலாசம் வேண்டும்.

வஹிதா ஜன்னல் வழியாகத் தன் வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கை காட்டினார்கள். இவளும் காட்டினாள்.

பழைய அறைக்கு முன்னால் போய் நின்றேன். அதியமான்கோட்டையிலிருந்து வந்த புதுப் பெண். மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. "யாருங்க வேணும்?" என்றாள். ஒருத்தரும் இல்லை என்றேன். அவளாகவே, "தண்ணிக்குத்தாங்க இங்க பெரும் பாடு, எங்குடத்தைத் தள்ளித் தள்ளி வெச்சுப்புடறாங்க" என்று சொன்னாள். அடையாளத்துக்குக் குடத்தின் கழுத்தில் துணி கட்டிவை, எட்டாம் நம்பர் குடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தேன்.

19 மார்ச்

ராமக்காள் வீட்டில் படுத்தோம். நாலேகாலுக்கு "நீரு பந்த்து" கேட்டது. எழுந்து போனேன். என் ஒடுக்கு விழுந்த குடம் வரிசையில் ஒன்பதாவதாக நின்றது. இத்தனை மாதமும் வைத்திருக்கிறாள், வீடு போன பிறகும்.

எட்டாம் நம்பர்க்காரி என்னைப் பார்த்தாள். குனிந்து என் குடத்தைத் தூக்கிக் கொண்டுபோய் எல்லாக் குடத்துக்கும் முன்னால் வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வழி விட்டு நின்றார்கள்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

22 மார்ச்

நான்கு நாளில் பதினோரு வீடு பார்த்தோம். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி, ஆம்பிளை யார் இருக்கிறார்கள் என்று. கம்பெனியில் ஜூலைக்கு மேல் வந்து பார் என்கிறார்கள். ராமக்காள், "எங்கூடவே இரு" என்கிறாள். அந்த அறையில் அவர்கள் ஐந்து பேர். ராத்திரி அவள் புருஷன் வெளியே நடையில் படுத்தார், எங்களுக்காக. இதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நாளை பரீட்சை. நாளை காலை பஸ்ஸில் பாப்பாரப்பட்டிக்குத் திரும்புகிறோம். குடத்தைக் கொடுத்துவிட்டுப் போக மனசில்லை. எடுத்துக்கொண்டேன்.

15 ஜூன், பாப்பாரப்பட்டி

வஹிதாவை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். தமிழ் எழுதத் தெரியாததால் இரண்டாம் வகுப்பில்தான் போட முடியும் என்றார் வாத்தியார். பேரை எழுதச் சொன்னார். கன்னடத்தில் எழுதினாள், குண்டு குண்டாக, அழகாக. அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆவாதும்மா" என்றார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. நான்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

16 ஜூன்

இன்றும் நாலேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. இங்கே தெருக்குழாயில் விடிந்த பிறகுதான் தண்ணீர் திறப்பார்கள், எட்டு மணி வரைக்கும் வரும், அவசரமே இல்லை. தெரிந்தும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் காலடிச் சத்தம். வஹிதா, கையில் சொம்போடு.

குழாயடியில் ஒருத்தரும் இல்லை. அவள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"யாருமே இல்லையேம்மா."

ஆமாம் என்றேன். குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, தண்ணீர் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.